ஷெமே வீட்டுக் கதவு நடந்து வந்த விவரம்

2017 ஏப்ரல் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷெமே வீட்டுக் கதவு கிர்ஹெஜீர் ஊரிலிருந்து நடந்தே எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ ஆயிரம் தினார். முட்டை கிடைக்கவேயில்லை, மறுநாள் சிவப்புப் புதன் பண்டிகை என்பதால் இருந்ததையெல்லாம் முதல் நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு என்றால் வெறும் இரும்புத் தகடு இல்லை. நிலையும் வாசற்படியுமாக முழுசாக வந்திருந்தது. பீரோவை நகர்த்துகிற மாதிரி இடது நிலைக்காலை ஓர் எட்டு, வலது நிலைக்காலை ஓர் எட்டு என்று வைத்து, நான்காவது வரிசைக் கூடாரங்களுக்கு நடுவே வந்து, ஷெமேயின் கூடாரத்துக்கு நேர் முன்னால் நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை. எங்கள் ஊர் மலையிலிருந்து முகாம் இருக்கும் துஹோக் நகரப் பக்கத்துக்கு இருநூறு கிலோமீட்டர். நாங்கள் ஓடிவந்து அப்போது இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு இருநூறு மீட்டர்தான் வருகிறது. கதவுக்கு அது குறைவில்லை. வழியில் சோதனைச் சாவடி வேறு எத்தனை இருக்கின்றன! அடையாள அட்டை இருந்த எங்களையே அரைநாள் வெயிலில் நிறுத்தினார்கள்.

முதலில் பார்த்தது பக்கத்துக் கூடாரத்துக் கோச்சர். வாளியோடு தண்ணீருக்குக் கிளம்பியவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அடியே ஷெமே! ஒங்க வீட்டுக் கதவு வந்து நிக்குது, வந்து பாரு. முழங்கால் வரைக்கும் புழுதி. பாவம், தண்ணியாவது தெளி" என்று கத்தினாள். ஷெமே வெளியே வரவில்லை. அவள் புருஷன் பர்ஜஸ் வந்தான். கதவின் கீழ்மூலையில் இருந்த குழியைக் குனிந்து தடவிப் பார்த்தான். மேல்நிலையில் 2014 சித்திரையில் மண் குழைத்து ஒட்டிய முட்டை ஓடும் காய்ந்த சிவப்புப் பூவும் அப்படியே இருந்தன. "நம்மளுதுதான்" என்றான். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. சாவி ஷெமேயின் கழுத்தில், கம்பளிக் கயிற்றில், சட்டைக்குள் தொங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துணிச்சுவர் வைத்த ஊரில் எது ரகசியம்?

மத்தியானம் முகாம் அதிகாரி சர்பஸ்த் வந்தார். துஹோக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் படிவத்தில் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கதவைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அனுமதி இல்லாத கட்டுமானம் என்றார். ஒன்று, குழி தோண்டி ஒழுங்காக நட வேண்டும், காற்றில் விழுந்தால் யார் பொறுப்பு. இல்லை, அகற்ற வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே வாசற்படியில் பூட்ஸ் காலை வைத்துவிட்டார். "ஐயோ, படியை மிதிக்காதீங்க!" என்று முப்பது பேர் ஒரே குரலில் கத்தியதில் மனிதர் துள்ளிக் குதித்து இறங்கினார். குழி தோண்டுகிற விஷயத்தைக் கோச்சர் எடுத்துச் சொன்னாள். "சார், இது நீசான் மாசம். மண்ணு இப்போ புள்ளத்தாச்சி. கடப்பாரையைக் கொண்டுபோய் எவனாவது புள்ளத்தாச்சி வயித்துல குத்துவானா? ஒங்க வீட்டுல நீங்க குத்துவீங்களா?" சர்பஸ்த் தலையைச் சொறிந்தார். மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டார். மே மாதம் வந்தபோது கதவு நடாமலே நின்றது, விழவில்லை, எல்லோருக்கும் பழகியும் போயிருந்தது. சர்பஸ்த் அந்தத் தாளை வேறு கோப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் சிவப்புப் புதன். எங்கள் நம்பிக்கையில் உலகம் உண்டான நாள், எங்களுக்கு வருஷப் பிறப்பு. விடியுமுன் வாசல் நிலையில் முட்டை ஓடும் சிவப்புப் பூவும் ஒட்டியாக வேண்டும், ஒட்டிய வீட்டை வருஷம் பார்த்துக்கொள்ளும். முகாமில் இரண்டு வருடமாக இதுதான் எங்களுக்குப் பெரிய ரோதனை. கூடாரத்துக்கு ஏது நிலை? பிளாஸ்டிக் துணியில் மண் ஒட்டாது. ஒட்டுநாடா வைத்துப் பார்த்தோம், வெயில் ஏறினதும் பூ உரிந்து காலடியில் விழும். அதைப் பார்த்தாலே பெண்களுக்கு அழுகை வந்துவிடும். அந்த வருடம் முதலில் கோச்சர் கொஞ்சம் குழைத்த மண்ணோடு வந்து, "ஒரு ஓரமா ஒட்டிக்கிறேன்டி" என்றாள். ஷெமே தலையாட்டினாள். பிறகு அடுத்த கூடாரம், அதற்கடுத்தது, அடுத்த வரிசை. மேல்நிலை ஒரு சின்னப் பையன் கையை விரித்தால் எட்டுகிற நீளம்தான். முகாமில் நானூற்று முப்பது குடும்பங்கள். எல்லாருடைய பூவும் அதில் ஒட்டியது. நிலை நீளவும் இல்லை, பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. கடைசியாக வந்தவளுக்கும் ஒரு கையகல இடம் மிச்சம் இருந்தது. நான் முகாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன். அளந்தும் பார்த்தேன். ஒன்றே கால் மீட்டர்.

வருடத்துக்கு இரண்டு முறை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்களைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொல்கிறோம் என்பார்கள், பதாகை பிடிப்பார்கள், குழந்தைகளுக்குத் தொப்பி கொடுப்பார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்னார்களோ என்னவோ, உலகம் கேட்டதாக எங்களுக்குத் தகவல் வரவில்லை. அதில் ஒரு பெண் கதவைப் பல கோணத்தில் படம் எடுத்துவிட்டு, இந்தக் கதவு எதைக் குறிக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டாள். கோச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "குறிக்குதா? அது கதவும்மா. தொறந்தா போலாம், மூடுனா நிக்கணும். ஒங்க ஊருல எப்படி?"

ஆனால் ஷெமே அதைத் திறக்கவில்லை. கூடாரத்துக்குள் போகும்போது நிலையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போவாள், வருவாள். ஏன் என்பது முதல் ஒரு வருடம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவளுடைய தங்கை குனாவுக்கு மட்டும் தெரியும். பிறகு வழக்கம்போல எல்லோருக்கும் தெரிந்தது.

2014 ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் குனாவுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியாக விடக்கூடாது, கெட்டது அண்டும். அதனால் ஷெமேயின் மகள் அல்மாஸ், பதினைந்து வயது, சித்திக்குத் துணையாக ஊரின் கிழக்குக் கோடியில் போய்ப் படுத்திருந்தாள். விடிகிற நேரத்தில் துப்பாக்கிச் சத்தம், கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரை நெருங்கிவிட்டார்கள். காவலுக்கு இருந்த சிப்பாய்கள் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். பர்ஜஸ் பிக்கப் வண்டியைக் கிளப்பினான், தெருவே அதில் ஏறியது, இருபத்தொரு பேர். அவனுடைய தம்பி கிழக்குக் கோடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, "குனாவ் வீட்டு வண்டி கெளம்பிருச்சு, எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வண்டி கிளம்பியிருந்தது. அதில் குனாவின் மாமனார் வீட்டார் போயிருந்தார்கள். இடமில்லாமல் குனாவும் அல்மாஸும் இறங்கியிருந்தார்கள். அது அவனுக்குத் தெரியாது.

ஷெமே கடைசியாக ஏறினாள். ஏறுமுன் கதவைப் பூட்டினாள். பதினேழு வருடப் பழக்கம். உள்ளே காலை ரொட்டிக்குப் பிசைந்த மாவு பொங்கிக்கொண்டிருந்தது, ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத்தான் வந்தாள். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் அவளைப் போல ஊரில் பாதிப் பேர். வெளியே போனால் சாவியை ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது அந்த வீட்டு வழக்கம். அல்மாஸ் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்வாள். எடுத்தவள் ஒருநாளும் திரும்ப வைக்க மாட்டாள், பூட்டிலேயே விட்டுவிடுவாள், அதற்குத் தினமும் திட்டு விழும். அந்த ஒரு நாள் ஷெமே சாவியைக் கல்லுக்கு அடியில் வைக்கவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அல்மாஸ் வீட்டுக்கு வந்தாள். இதை 2016இல் மீண்டு வந்த குனாவ்தான் அக்காவிடம் சொன்னாள். சித்தி நடக்க முடியாமல் வந்ததால் குழந்தையை அல்மாஸ் தூக்கியிருந்தாள். உள்ளங்கையால் கதவை இரண்டு தட்டு. பிறகு காலால் கீழ்மூலையில் ஓர் உதை. அவள் எப்போதும் அப்படித்தான். தண்ணீர்க் கேனோ ரொட்டித் தட்டோ கையில் ஏதாவது இருக்கும், உதைத்து உதைத்து அந்த மூலையே குழிந்துபோனது. யாரும் திறக்கவில்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தாள், சாவி இல்லை. "அம்மா மறக்கமாட்டாளே" என்றாள். அதற்குள் தெருமுனையில் கறுப்புக் கொடி கட்டிய வண்டி திரும்பிவிட்டது. குனாவையும் குழந்தையையும் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். அல்மாஸை முதல் வாரத்திலேயே வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

பர்ஜஸ் பலமுறை சொல்லிப் பார்த்தான். "கதவு தொறந்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்? ஒடைச்சிக்கிட்டு வந்திருப்பானுங்க. நீ பூட்டுனதால ஒண்ணும் நடக்கல, ஷெமே." அவள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "ஒடைச்சிருப்பானுங்க, தெரியும். ஆனா எங்கம்மா என்னைய வெளிய வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டே அவ போயிருக்கமாட்டா." பர்ஜஸ் எழுந்தான். வெளியே போய் உட்கார்ந்து அடுத்தடுத்து நான்கு சிகரெட் சுற்றிக் குடித்தான். எனக்கும் அன்றைக்கு வகுப்பெடுக்க முடியவில்லை.

கதவு வந்துவிட்டதால் தட்டலும் வரும் என்பது ஷெமேயின் கட்சி. அது வருகிறபோது கதவு பூட்டியிருக்க வேண்டும், உள்ளே அவள் இருக்க வேண்டும், கையில் சாவி இருக்க வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. எப்போது என்பதுதான் பேச்சு. "கதவுக்காச்சும் ரெண்டு காலு இருக்கு, சத்தத்துக்கு ஏது காலு? தவழ்ந்துதான் வரணும். லேட்டாகும்" என்றாள் கோச்சர்.

முதல் தட்டு 2018 டிசம்பரில், மண்ணெண்ணெய் வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தது. உள்ளங்கை இரும்பில் படுகிற சத்தம். கதவுக்கு வெளியே யாரும் இல்லை. எல்லோரும் பார்த்தோம். ஷெமே கழுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தாள், சாவியைப் பூட்டில் போட்டாள், பிறகு கையை எடுத்துவிட்டாள். "ரெண்டு தட்டு, ஒரு ஒதை. முழுசா வரட்டும். பாதியில தொறந்தா மீதி வழியிலயே நின்னுரும்" என்றாள். இரண்டாவது தட்டு 2021 ஆகஸ்டில், காலை ஒன்பது மணிக்கு வந்தது. நடுவே அந்த வருடம் ஜூனில் ஒரு தீ. மின்கம்பியில் கிளம்பி எங்கள் வரிசையில் பதினாறு கூடாரங்களைத் தின்றுவிட்டு, ஷெமே வீட்டுக் கதவு வரை வந்தது. கதவு பூட்டியிருந்ததால் தீ அங்கேயே நின்று அணைந்தது. பக்கத்தில் சுற்றிக்கொண்டு போக வழி இருந்தது. தீக்கு அது தோன்றவில்லை.

2024 கோடையில் முகாமை மூடப்போவதாக உத்தரவு வந்தது. சர்பஸ்த் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் இளைஞர், ஒவ்வொரு கூடாரமாக வந்து படிவம் நீட்டினார். ஊருக்குத் திரும்புங்கள், ஊர் பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று பர்ஜஸ் போய்ப் பார்த்து வந்திருந்தான். வீட்டில் மூன்று சுவர் நிற்கிறது, நாலாவதில் கதவு இருந்த இடம் பொக்கை வாயாகத் திறந்திருக்கிறது, ஊர்க்கோடியில் வேலி போட்டு எலும்பு தோண்டுகிறார்கள். இருந்தாலும் அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, பிளாஸ்டிக்கில் பத்து வருடம் இருந்தாயிற்று, புகையிலை போட்ட நிலம் அங்கே கிடக்கிறது. போகலாம் என்றான். ஷெமே மாட்டேன் என்றாள். அந்த ஜூலை முழுக்க அவர்கள் கூடாரத்தில் சண்டை. "வீடு அங்க நிக்குது, கதவு இங்க நிக்குது. நாம எங்கதான்டி நிக்கிறது?" என்று அவன் கத்துவான். "ஒதை வரல" என்பாள். அவ்வளவுதான். நாங்கள் யாரும் நடுவில் போகவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒருவேளை அவள் கிளம்பிப்போய், உதை இங்கே வந்து, பூட்டிய கதவில் இரண்டாவது முறையும் பட்டுத் திரும்பினால்? 

கடைசி லாரி ஜூலை இருபத்தொன்பது, திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. கோச்சரின் சாமான்கள், பர்ஜஸின் சாமான்கள், என் இரண்டு மூட்டைப் புத்தகம் எல்லாம் ஏறிவிட்டன. கூடாரத்தை அவிழ்த்துச் சுருட்டியாயிற்று. வெட்டவெளியில் கதவு நின்றது, அதற்குப் பின்னால் பாயில் ஷெமே உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் ஹார்ன் அடித்தான். "யக்கா, நாளைக்குக் காலையிலதான் நான் திரும்பி வருவேன், பாதி பேரைக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். பாதிப் பேர் என்று யாரும் ஏறவில்லை. அப்போதுதான் உதை விழுந்தது. கீழ்மூலையில், குழியில் சரியாக, கதவே அதிரும்படி. நிலையில் ஒட்டியிருந்த பூக்களிலிருந்து புழுதி உதிர்ந்தது.

ஷெமே எழுந்தாள். சாவி இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை பூட்டு திறந்தது, கதவை உள்பக்கமாக இழுத்தாள். பிசைந்து வைத்த மாவின் புளித்த வாசனை குப்பென்று வந்து எங்கள் மேலெல்லாம் அடித்தது. வெளியே யாரும் இல்லை. லாரியும் நாங்களும் வெயிலும்தான் இருந்தோம். அவள் அதைப் பார்த்து அசரவில்லை. படியை மிதிக்காமல் நின்றபடி, ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தைப் பார்த்துச் சொன்னாள். "மறந்துட்டேன்டி. பயத்துல கையிலயே எடுத்துட்டு வந்துட்டேன். ஒன்னைய வெளிய வெச்சுப் பூட்டணும்னு பூட்டல. சத்தியமா பூட்டல, கண்ணு."

பிறகு கதவைச் சாத்திப் பூட்டினாள். பக்கவாட்டில் சுற்றி வெளியே வந்தாள். கோச்சரும் அவளும் சேர்ந்து ரொட்டி சுட்ட மண் அடுப்பு இன்னும் இடிக்காமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கி, சாவியை அடியில் வைத்தாள். "நாளைக்குப் போலாம்" என்றாள் பர்ஜஸிடம். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே எஞ்சினை அணைத்தான். நாங்கள் ஆளுக்கொரு போர்வையை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டோம்.

காலையில் முதலில் கல்லைப் புரட்டியது ஷெமே. சாவி இல்லை. கதவைச் சுற்றிக்கொண்டு உள்பக்கம் போனாள். பூட்டில், உள்பக்கமாகவே, சாவி செருகியிருந்தது. கம்பளிக் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பர்ஜஸ் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"பூட்டுலயே வுட்டுட்டாளா?"

"என்னைக்கு அவ எடுத்து வெச்சா?" என்றாள் ஷெமே. சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பத்து வருடத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். குனாவ் வந்து கட்டிக்கொண்டாள். கோச்சர் யாரையும் பார்க்காமல், "சனியன் புடிச்ச புகை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பை யாரும் பற்றவைக்கவேயில்லை.

ஏழரை மணிக்கு லாரி கிளம்பியது. கதவு இடது நிலைக்காலைத் தூக்கி வைத்து லாரிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. திரும்பும் வழி தெரிந்ததாலோ என்னவோ, இந்த முறை ஏழு மாதத்தில் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை சுவரில் இருந்த பொக்கையை ஷெமே மறைக்கவில்லை. ஆடு உள்ளே வருகிறது என்று பர்ஜஸ் சொன்னபோதெல்லாம், "கதவு வந்துக்கிட்டிருக்கு" என்றாள். அல்மாஸ் இன்னும் வரவில்லை. கிர்ஹெஜீரில் இன்னும் முப்பத்தாறு பேர் வரவில்லை, அவர்கள் பெயரும் என் பதிவேட்டில் இருக்கிறது. இப்போது கதவு அதன் இடத்தில் நிற்கிறது, சாவி அடுப்புப் பக்கத்துக் கல்லுக்கு அடியில் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எடுப்பதில்லை. சில காலைகளில் அது உள்பக்கம் பூட்டில் தொங்கும். ஷெமே திட்டிக்கொண்டே அதை உருவி, கல்லைத் தூக்கி, பழையபடி வைத்துவிட்டு மாவு பிசையப் போகிறாள்.